நீள் உரையாடல்களில் சொல் தேடல்: சிங்கப்பூர் இடப்பெயர்த் தொகுப்பு ஒன்றை முன்வைத்து

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு உரையாடு கருவிகள் தமிழாய்வாளரின் மேசைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து, அதனையொத்த பல கருவிகள் புழக்கத்துக்கு வந்தன. இக்கருவிகள் தரும் விடைகள் சரியா தவறா என்பது பற்றியே இதுவரை பெரிதும் பேசப்பட்டு வருகிறது. அவ்விடைகளையும், அவற்றைப் பெறுவதற்காக நாம் உள்ளிட்ட தரவுகளையும் பின்னர் எங்ஙனம் கண்டெடுப்பது என்னும் வினா சிறு வினாவாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டுள்ளது. அது சிறு வினா அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒரு பனுவலில் ஒரு சொல் உண்டு என்று காட்டுவதற்கு ஓரிடம் கிடைத்தால் போதும். அச்சொல் அதில் இல்லை என்று சொல்வதற்கோ பனுவல் முழுவதும் தேடப்பட்டிருத்தல் வேண்டும். நீண்ட உரையாடல்களில் நாம் இழந்திருப்பது இந்த இரண்டாவது உரிமையையே ஆகும்.

நேர்ந்தது யாது?

சிங்கப்பூரின் குட்டி இந்தியா வட்டாரத்து இடப்பெயர்கள் தமிழில் எவ்வெவ் வடிவங்களில் எழுதப்பட்டு வந்துள்ளன என்பது குறித்து ஒரு சிறு குறிப்பு எழுத முற்பட்டோம். சிராங்கூன் சாலை, பஃபலோ சாலை, கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட் ஆகிய இடங்களின் கடைப் பலகைகள், பழைய இரசீதுகள், திருமண அழைப்பிதழ்கள், விளம்பரத் துண்டுகள் ஆகியவற்றில் கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவந்து, மாலைதோறும் ஓர் உரையாடு கருவியில் தட்டச்சு செய்து, வடிவங்களை வகைப்படுத்தித் தருமாறு கேட்டோம். ஏறத்தாழ இரண்டு திங்கள் இப்பணி ஒரே உரையாடலில் தொடர்ந்தது. புதிய உரையாடல் தொடங்கினால் முன்னர்ச் சொன்னவற்றை மீண்டும் சொல்ல வேண்டிவருமே என்ற தயக்கமே அதற்குக் காரணம். இத்தயக்கம் பலருக்கும் உண்டு என்பதை நண்பர்களிடம் கேட்டறிந்தோம்.

இவ்வட்டாரத்தின் பெயர்கள் ஆய்வுக்குரியவை என்பதில் ஐயமில்லை. தேக்கா என்னும் ஒரு பெயரையே எடுத்துக்கொள்வோம். ஹொக்கியன் மொழியில் மூங்கிலடி என்னும் பொருள்படும் தொடரின் திரிபு அது. மலாய் மொழியில் அவ்விடம் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில் என வழங்கியது. பஃபலோ சாலை என்னும் பெயரிலும் அந்த எருமையே நிற்கிறது. 1980களில் எழுந்த புதிய சந்தைக் கட்டடத்துக்குச் சீனப் பொதுமொழி ஒலிப்பின்படி சூஜியாவ் நிலையம் எனப் பெயரிட்டனர். மக்கள் நாவில் அது ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்னும் பெயர் முறைப்படி மீண்டது. ஓர் இடத்துக்கு மும்மொழிப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தமிழெழுத்தில் பல வடிவங்கள். சிராங்கூன் என்று இன்று எழுதப்படுவதைச் சிரங்கூன், செராங்கூன் எனவும் எழுதினோர் உண்டு. சாலை என்பதற்கு முன்பு ரோடு என்பதே பெருவழக்கு.

குறிப்பு எழுதி முடியுந் தறுவாயில் ஒரு தொடரை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. "நாம் திரட்டிய சான்றுகளில் சிரங்கூன் என்னும் குறில் வடிவம் காணப்படவில்லை" என்பதே அத்தொடர். உரையாடலைத் திறந்து, உலாவியின் தேடற்பெட்டியில் அவ்வடிவத்தை இட்டுத் தேடினோம். விடை சுழியம். தொடரை அப்படியே விட்டு, அச்சுக்கு அனுப்பினோம். மெய்ப்புத் திருத்தும் வேளையில் உடன் களப்பணி செய்த அன்பர் ஒருவர், டன்லப் ஸ்திரீட்டில் தாம் படியெடுத்துத் தந்த பழைய இரசீதில் அவ்வடிவம் இருந்ததே என்று நினைவூட்டினார். உரையாடலைத் தொடக்கத்திலிருந்து கையால் உருட்டிப் படித்தோம். ஒரு முழுப் பிற்பகல் கழிந்தது. இரண்டு இடங்களில் அவ்வடிவம் இருந்தது.

இரு பிழைகள், இரு காரணங்கள்

அவ்விரு இடங்களும் தப்பியமைக்குக் காரணம் ஒன்றன்று. முதலாம் இடத்தில் சொல் "சிரங்கூன் ரோடு" என்றே, நாம் தேடிய வடிவிலேயே இருந்தது. ஆயினும் தேடல் அதனைக் காணவில்லை. நீண்ட பக்கங்களை முழுமையாகத் திரையில் ஏற்றினால் கணினி தளரும் என்பதால், இத்தகைய செயலிகள் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியும் பகுதியும் அதனை அடுத்த சிறு பகுதியும் மட்டுமே பக்கத்தில் வைக்கப்படுகின்றன. மேலே உருட்டும்போது பழையவை வந்து சேரும். கீழே வந்தவை நீங்கும். உலாவியின் தேடலோ பக்கத்தில் அப்போது உள்ளதை மட்டுமே தேடும். ஆகவே அது காட்டிய சுழியம் உரையாடலைப் பற்றிய விடையன்று. அந்நேரத்துத் திரையைப் பற்றிய விடை மட்டுமே. இவ்வேறுபாட்டை அப்பெட்டி எங்கும் அறிவிப்பதில்லை. பொய் சொல்லாமலேயே பொய்ச்சான்று தரும் நிலை இது.

உரையாடல்களின் பட்டியலைத் தேடும் வசதி பல கருவிகளில் உண்டு. அது எந்த உரையாடலில் சொல் உள்ளது என்று சொல்லும். இரண்டு திங்கள் நீண்ட ஓர் உரையாடலைச் சுட்டிக்காட்டி "இதனுள் உள்ளது" என்பது, நூலகத்துக்குள் வந்தவரிடம் நூலின் பெயரைச் சொல்லிப் பக்க எண்ணைச் சொல்லாமல் அனுப்புவதை ஒக்கும்.

இரண்டாம் இடம் தமிழ் மொழியின் இயல்பால் தப்பியது. அங்கு இருந்த சொல் "சிரங்கூனில்" என்பது. யூனிகோடு முறையில் னகர மெய் என்பது னகர அகரக் குறியும் புள்ளிக் குறியும் சேர்ந்தது. "னி" என்பது னகர அகரக் குறியும் இகரக் குறியும் சேர்ந்தது. புள்ளியோடு முடியும் சொல்லைத் தேடினால், அப்புள்ளி நீங்கி உயிரேறிய சொல்லைத் தேடல் காணாது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பு என்பது நம் இலக்கண அறிவு. எழுத்துச் சரங்களை ஒப்பிடும் பெட்டிக்கு அவ்வறிவு இல்லை. இதனால் விளையும் கேடு சிறிதன்று. பெயர்ச்சொல் மெய்யீற்றதாயின், உயிரில் தொடங்கும் வேற்றுமை உருபு ஏறிய இடமெல்லாம் தப்பும். மகரவீறாயின் அத்துச் சாரியை வந்து சொல்லே உருமாறும். மரம் என்று தேடுபவருக்கு மரத்தில், மரத்தை, மரங்கள் எவையும் கிட்டா. குற்றியலுகர ஈறும் அவ்வாறே. சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டு முதல் வெளிவரும் நாளிதழின் பெயரை வைத்தே இதனைச் சோதிக்கலாம். தமிழ் முரசு என்று தேடினால் "தமிழ் முரசில்", "தமிழ் முரசின்" என்பன அகப்படா. இடைவெளியின்றித் "தமிழ்முரசு" என எழுதிய இடங்களும் அகப்படா. ரோடு என்பது ரோட்டில் என இரட்டித்து நிற்கும்போதும் இதே நிலை.

இதற்கு மாறாகத் தேக்கா என்னும் பெயர் எளிதில் அகப்பட்டது. ஆகாரவீற்றின்பின் வகர உடம்படுமெய் வருமேயன்றி ஈறு கெடாது. ஆதலால் தேக்காவில், தேக்காவுக்கு ஆகிய எல்லாவற்றிலும் தேக்கா முழுமையாக நிற்கிறது. நம் தொகுப்பில் தேக்கா மிகுதியாகவும் சிரங்கூன் இல்லாமலும் தோன்றியமைக்கு வரலாறு காரணமன்று, புணர்ச்சி விதியே காரணம் என்பதை உணர்ந்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது. நன்னூல் பயின்ற நாம் இதனை முன்னரே எண்ணியிருத்தல் வேண்டும்.

பகுதியை மட்டும் இட்டுத் தேடலாமே எனின், அதுவும் முழுத் தீர்வன்று. ஈற்றுப் புள்ளியை நீக்கிச் "சிரங்கூன" என்று இட்டால் சில செயலிகள் எல்லா வடிவங்களையும் காட்டும். சில, எழுத்தை முழு எழுத்தாகவே ஒப்பிட்டு எதனையும் காட்டா. கடை என்று இட்டால் கடையில், கடைக்கு என்பவற்றோடு கடைசியும் கடைப்பிடியும் வந்து குவியும். மர என்று இட்டால் மரபும் மரணமும் வரும். எழுத்து வடிவங்களிலும் சிக்கல் உண்டு. ஔகாரத்தை ஒற்றைக் குறியாக எழுதுவோரும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவோரும் உளர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஔவையைத் தேடுபவர் இருமுறையும், அவ்வை என எழுதுவோரையும் கருதினால் மும்முறையும் தேட வேண்டும். கொ, கோ போன்றவற்றில் இரு பக்கமும் அமையும் குறியை ஒன்றாகவோ இரண்டாகவோ சேமிக்க யூனிகோடு இடந்தருகிறது. இவ்விரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று விதியும் வகுத்துள்ளது. விதியைப் பின்பற்றாத பெட்டியில் அதுவும் தப்பும்.

கருவியையே கேட்டல்

இத்துணைத் தொல்லை எதற்கு, கருவியிடமே கேட்கலாமே என்பர் சிலர். கேட்டோம். இவ்வுரையாடலில் சிரங்கூன் என்னும் வடிவம் எங்கேனும் வந்துள்ளதா என்ற வினாவுக்கு, இல்லை என்று தயக்கமின்றி விடை வந்தது. மீண்டும் பார்க்குமாறு பணித்தபோது மன்னிப்புக் கோரி மூன்று தொடர்களை எடுத்துக்காட்டியது. அவற்றுள் ஒன்று நாம் எழுதியது. ஒன்று நாம் எழுதியதைச் சற்றே மாற்றியது. மூன்றாவது உரையாடலில் எங்குமே இல்லாதது.

இதனை வஞ்சகம் என்று கொள்வது பொருந்தாது. இக்கருவிகள் ஒரு நேரத்தில் ஏற்றுக்கொள்ளும் உரைக்கு அளவுண்டு. அவ்வளவு கடந்ததும் பழைய பகுதிகள் விடப்படலாம், அல்லது சுருக்கப்படலாம். தமிழுக்கு இவ்வளவு விரைவில் நிரம்பும் என்பதும் நோக்கத்தக்கது. பெருவழக்காக உள்ள யூடிஎஃப் எட்டு முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டில் அடங்க, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. மொழி மாதிரிகள் உரையைத் துண்டுகளாக வெட்டும்போதும், ஆங்கிலத்தை மிகுதியாகக் கண்டு பழகிய வெட்டுமுறை தமிழ்ச் சொல்லைப் பல சிறு துண்டுகளாக்கிவிடுகிறது. ஆகவே ஒரே நீளமுள்ள உரையாடலாயினும் தமிழ் உரையாடலின் தொடக்கம் முன்னதாகவே கருவியின் பார்வையிலிருந்து விலகும். விளைவாக ஒரு விந்தையான நிலை தோன்றுகிறது: நம் திரையில் உருட்டிக் காணக்கூடியது கருவிக்குத் தெரியாமற் போகலாம், கருவிக்குத் தெரிவது தேடற்பெட்டிக்குத் தெரியாமற் போகலாம். மூன்றும் ஒரே உரையாடலைத்தான் காண்கின்றன என்று நாம் நம்பியிருக்கிறோம்.

பொருள்வழித் தேடல் எனப்படும் புதிய முறைக்கு உரிய மதிப்பைத் தருவதே முறை. சந்தை என்று கேட்டால் தேக்காவைக் காட்டும் திறன் அதற்கு உண்டு. எழுத்து மாறினாலும் கருத்தைப் பிடிக்கும். இலக்கியக் கருப்பொருள் ஆய்வுக்கு அது பெருந்துணையாகலாம். ஆயின் அது நெருக்கமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறதேயன்றி, இவ்வளவே உள்ளன, இதற்குமேல் இல்லை என்று வரையறுத்துச் சொல்வதில்லை. சொல்லாய்வுக்கு வேண்டுவது அவ்வரையறையே.

சொல்லடைவு மரபு

இல்லை என்று சொல்லும் உரிமையைத் தமிழாய்வு எளிதில் பெறவில்லை. உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சிட்டபோது நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. இன்றும் அவ்வெண்கள் வெற்றிடமாகவே பதிப்புகளில் நிற்கின்றன. அவ்வெண்களை அழித்து அடுத்தடுத்த பாடல்களை முன்னிழுத்திருந்தால், இரண்டு பாடல்கள் இல்லை என்பதே நமக்குத் தெரியாமற் போயிருக்கும். எண் இருப்பதால்தான் இன்மை தெரிகிறது.

எண்ணுக்கு அடுத்தது சொல்லடைவு. 1962இல் வ. ஐ. சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தின்வழிப் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டார். 1966இல் ந. சுப்பிரமணியனின் பல்லவர்க்கு முற்பட்ட தமிழ்ச் சொல்லடைவு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைத் தொகுதிகளாக வெளியிட்டது. பின்னர்த் தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் இருவரும் கணினியின் துணையோடு சங்க இலக்கியச் சொல்லடைவை உருவாக்கினர். இந்நூல்களைப் படிப்பவர் யாருமிலர், புரட்டுபவரே உளர். ஆயினும் ஒரு சொல் சங்கப் பாடல்களில் வரவில்லை என்று ஒருவர் எழுதும்போது அவர் பின்னால் நிற்பவை இவையே. அடைவு தொகுப்போர் சொல்லின் உருபு, சாரியை ஆகியவற்றைக் கணக்கிற்கொண்டே சொல்லை நிறுத்தினர் என்பது நம் வாதத்துக்கு மிக இன்றியமையாதது. இன்றைய தேடற்பெட்டி அவ்வுழைப்புக்கு ஒரு படி கீழேயே நிற்கிறது.

சிங்கப்பூர் இதில் தனியிடம் பெறும் நாடு. கல்வியாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி கணினியில் தமிழைக் கொண்டுவரப் பெரிதும் உழைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளத்தில் தமிழெழுத்து தோன்றியதில் அவர் பங்கு தலையாயது. 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கு நடைபெற்றது. 2000ஆம் ஆண்டு இங்குக் கூடிய மாநாட்டையொட்டியே உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருப்பெற்றது. அன்றைய பெருங்கவலை எழுத்துக் குறியீடும் விசைப்பலகையும் ஆகும். எழுத்து திரையில் சரியாகத் தெரிய வேண்டும், ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க வேண்டும் என்பதே போராட்டம். அது வென்றது. எழுதப்பட்டதை மீட்டெடுப்பது என்னும் அடுத்த வினா அவ்வளவு ஆர்வத்தோடு எடுத்துக்கொள்ளப்படவில்லை என்றே கருதுகிறோம். 2015இல் தன்னார்வலர் குழுவும் தேசிய நூலக வாரியமும் இணைந்து விடுதலைக்குப் பிந்திய ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கின. 2023இன் இறுதியில் ஏஐ சிங்கப்பூர் வெளியிட்ட சீ லயன் மொழி மாதிரி, தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் தன் எல்லைக்குள் கொண்டது. மகிழ்தற்குரியதே. எனினும் மாதிரிக்குத் தமிழ் தெரிவதால், அதனைச் சூழ அமையும் செயலியின் தேடற்பெட்டிக்கும் தமிழ் தெரிந்துவிடுவதில்லை. இரண்டும் வேறு வேறு உறுப்புகள். வேறு வேறு கைகளால் செய்யப்படுபவை. மாதிரியின் தமிழைப் பாராட்டும் கட்டுரைகள் பெருகும் அளவுக்குப் பெட்டியின் தமிழை ஆராய்வோர் இலர்.

சில நடைமுறைகள்

உரையாடலைப் பனுவலாகக் கொள்வதே பிழை, அது பேச்சேயன்றி நூலன்று என்னும் மறுப்பு எழலாம். அதில் பாதி உண்மை உண்டு. களக்குறிப்புகளை வேறிடத்தில் வைக்காமல் உரையாடலில் மட்டும் இட்டது நம் சோம்பலே. ஆயினும் மாணவர்கள் கட்டுரைக் குறிப்புகளையும், ஆசிரியர்கள் பாடத்திட்டங்களையும், எழுத்தாளர்கள் வரைவுகளையும் இவ்வுரையாடல்களில்தான் குவித்து வருகின்றனர். அவற்றை ஏடாகக் கருத வேண்டாம் என்று அறிவுரை கூறுவதால் அவை ஏடாகாமல் போய்விடா.

கருவி செய்வோரிடம் நாம் கேட்பது மிகுதியன்று. ஒவ்வொரு வினாவுக்கும் விடைக்கும் மாறாத எண் தருதல். தேடல் உரையாடல் முழுவதையும் நோக்கியதா, பகுதியை மட்டும் நோக்கியதா என்று வெளிப்படையாகச் சொல்லுதல். தமிழுக்கு ஈறு திரிந்த வடிவங்களையும் சேர்த்துத் தேடும் விருப்பத்தேர்வு. இவற்றுள் முதலிரண்டும் எந்த மொழியினருக்கும் பயன்படுவன. மூன்றாவதற்கு வேண்டிய உருபனியல் அறிவு தமிழ்த் துறைகளிடம் நெடுங்காலமாகவே உள்ளது.

உரையாடலைக் கோப்பாகப் பதிவிறக்கம் செய்து தேடலாம் என்பதும் முயன்று பார்த்ததே. இத்தகைய கோப்புகள் பெரும்பாலும் ஜேசன் என்னும் அமைப்பில் வருகின்றன. அவ்வமைப்பில் தமிழ்க் குறிகளைத் தமிழாக எழுதாமல், பின்சாய்கோட்டையடுத்துக் குறியெண்ணாக எழுதவும் இடமுண்டு. நமக்குக் கிடைத்த கோப்பு அவ்வாறே இருந்தது. சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்தால் ஒரு தமிழெழுத்தும் இல்லை. தேடல் மீண்டும் சுழியம். கணினித் துறை நண்பர் ஒருவர் சில வரிகளில் எழுதிய சிறு நிரல் அதனைத் தமிழாக்கித் தந்தது. அதன்பின்னரே, இரண்டு திங்களில் முதன்முறையாக, நம் தொகுப்பை முழுமையாகத் தேட இயன்றது.

இப்போது நாம் ஒவ்வொரு வினாவின் தலையிலும் எண்ணும் நாளும் இட்டே எழுதுகிறோம். கருவி அவ்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை. நமக்கு அது போதும். வாரந்தோறும் உரையாடலை வெறும் உரைக்கோப்பாகப் படியெடுத்து வைக்கிறோம். ஒரு வடிவம் இல்லை என்று எழுத நேரும்போது, எந்தெந்த வடிவங்களை இட்டுத் தேடினோம் என்பதையும் உடன் குறிக்கிறோம்: சிரங்கூன், சிரங்கூனி, சிரங்கூனு, சிரங்கூனை என்றவாறு. பார்ப்பதற்குப் பள்ளிப் பிள்ளையின் வேற்றுமைப் பயிற்சி போலிருக்கும்.

இடப்பெயர்க் குறிப்பில் அத்தொடர் திருத்தப்பட்டுவிட்டது. குறில் வடிவம் இரு சான்றுகளில் காணப்படுகிறது என்று இப்போது உள்ளது. கருவி காட்டிய மூன்றாம் தொடரை முழுக் கோப்பிலும் எல்லா வடிவங்களிலும் தேடிவிட்டோம். குறிப்பேட்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டோம். இரண்டிலும் அது இல்லை.